கண்ணில் படுவதும் எனக்குப் படுவதும்: ஓவியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரக் கடைசியில் பெரியவர்களுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். வங்கியில் வேலை பார்ப்பவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, மருந்துக்கடைக்காரர், இரண்டு குழந்தைகளின் தாய் என்று பலதரப்பட்டவர்கள் வருகிறார்கள். முதல் சில மாதங்கள் பென்சில், அளவு, நிழல் என்று ஓடிவிடும். அதற்குப் பிறகு ஒரு நாள் யாராவது ஒருவர் கேட்பார்: "கோடு வருகிறது, வண்ணமும் வருகிறது. ஆனால் படத்தில் நான் இல்லையே?"

அந்த ஒரு கேள்வியிலிருந்து கிளைத்தவைதான் கீழே இருப்பவை. பதில் சொல்லும்போது பெரும்பாலும் ஒருவரையே துணைக்கு அழைக்கிறேன். அவர் பிரெஞ்சு ஓவியர் பால் செசான். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இதே கேள்வியோடு மல்லுக்கு நின்றவர் அவர்.

சொந்த உணர்வை வரைவது என்றால் மனத்தில் இருக்கும் சோகத்தையும் கோபத்தையும் கொட்டுவதுதானே?

அப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். கொட்டுவதும் ஒரு வழிதான், ஆனால் அது பாதிக் கதை. உணர்வு என்ற சொல்லைக் கேட்டதும் நாம் நேராக மனத்துக்குப் போய்விடுகிறோம். அதற்கு முன்னால் உடம்பு இருக்கிறது. கண் கூசுவது, கன்னத்தில் அனல் அடிப்பது, மழைக்கு முன்னால் வெளிச்சம் மங்கி மரங்களின் பச்சை திடீரென்று அடர்வது, இவையும் உணர்வுகள்தான்.

செசான் தன் கடிதங்களில் திரும்பத் திரும்ப எழுதிய சொல் 'சான்சாசியோன்'. பிரெஞ்சில் அது புலன்வழி வரும் பதிவையும் குறிக்கும், அந்தப் பதிவு உள்ளே எழுப்பும் அசைவையும் குறிக்கும். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று வெகுநாள் தேடினேன். தேடவே தேவையில்லை, 'படுதல்' என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. வெயில் படுகிறது. கண்ணில் படுகிறது. காதில் படுகிறது. "எனக்கு அப்படித்தான் படுகிறது" என்றும் சொல்கிறோம். தோலில் தொடங்கிக் கருத்து வரைக்கும் ஒரே வினை. தொல்காப்பியம் பொருளதிகாரத்தில் நகை, அழுகை, மருட்கை, அச்சம் முதலான எட்டுக்கும் வைத்த பெயர் மெய்ப்பாடு. உள்ளத்தில் நிகழ்வது மெய்யில் தெரிவதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

ஆகவே என் பதில் இது: உங்களுக்குப் பட்டதை, பட்டபடியே, கூட்டாமல் குறைக்காமல் ஓவியத் துணியில் (கேன்வாஸில்) கொண்டுவர முயல்வதுதான் சொந்த உணர்வை வரைவது. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. செய்து பார்த்தால்தான் தெரியும்.

செசான் யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1839-இல் தென் பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரில் பிறந்தார். அப்பா தொப்பி வியாபாரம் செய்து, பிறகு வங்கி நடத்தியவர். மகன் வக்கீலாக வேண்டும் என்பது அவர் ஆசை. மகன் கொஞ்ச காலம் சட்டம் படித்துவிட்டு, 1861-இல் ஓவியம் கற்கப் பாரிஸ் போனார். பள்ளித் தோழர் எமில் சோலா, பின்னாளில் பெரும்புகழ் பெற்ற நாவலாசிரியர். மாறும் ஒளியை நேரில் பார்த்துத் தீட்டிய இம்ப்ரஷனிஸ்ட் ஓவியர்கள் 1874-இல் நடத்திய முதல் கண்காட்சியில் செசானின் படங்களும் இருந்தன, கேலிக்கு ஆளாயின. தனியாக ஒரு பெரிய கண்காட்சி அமைவதற்கு 1895 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது அவருக்கு 56 வயது. 1906-இல் இறந்தார்.

அவர் தொடக்கத்திலிருந்தே புலன் உணர்வை வரைந்தவரா?

இல்லை. நான் அவரை மாணவர்களுக்குக் காட்டுவதற்கு முதல் காரணமே இதுதான்.

1860-களில் அவர் வரைந்த படங்களைப் பாருங்கள். கொலை, கடத்தல், முறுக்கிய உடல்கள். கறுப்பையும் பழுப்பையும் கத்தியால் அப்பியது போல் தடித்த வண்ணம். அந்த இளைஞன் மனத்தில் இருந்த ஆவேசத்தையெல்லாம் கொட்டியிருக்கிறான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் படங்களின் முன்னால் நமக்கு ஆவேசம் வருவதில்லை. ஒருவர் ஆவேசப்படுவதை வெளியில் நின்று பார்ப்பது போல்தான் இருக்கிறது. எனக்காவது அப்படித்தான்.

1872-இல் பாரிஸுக்கு வெளியே பொந்துவாஸ் என்ற ஊருக்குப் போய், தன்னைவிட ஒன்பது வயது மூத்த ஓவியர் கமீல் பிஸாரோவோடு சேர்ந்து வெளியில் உட்கார்ந்து வரைந்தார். பிஸாரோ வரைந்த ஒரு நிலக்காட்சியை அப்படியே நகல் எடுத்தார். கறுப்பு குறைந்தது. தூரிகை சிறிய சிறிய தீற்றல்களாக அசையத் தொடங்கியது. மனத்தில் முன்பே இருந்ததை வெளியே தள்ளுவதை நிறுத்திவிட்டு, முன்னால் இருக்கும் கூரையும் சுவரும் மரமும் தன்மேல் என்ன செய்கின்றன என்று கவனிக்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகுதான் அவருடைய படம் யார் பார்த்தாலும் 'இது செசான்' என்று சொல்லும்படி ஆனது. தன்னைக் கொட்டியபோது கிடைக்காத 'தான்', எதிரில் இருப்பதைப் பார்த்தபோது கிடைத்தது.

'பார்ப்பது' என்கிறீர்கள். எல்லோரும்தானே பார்க்கிறோம்?

வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவருக்கு, நீலக் கோடு போட்ட துண்டின்மேல் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து வரையச் சொன்னேன். பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டார். மஞ்சள் வட்டம், ஓரத்தில் கொஞ்சம் பழுப்பு நிழல். "இது உங்களுக்குத் தெரிந்த எலுமிச்சை. அந்தத் துண்டின்மேல் இருப்பதை இன்னும் நீங்கள் பார்க்கவில்லை, அம்மா. தூரிகையைக் கீழே வைத்துவிட்டு இருபது நிமிடம் சும்மா பாருங்கள்" என்றேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் பார்த்தார்.

கால் மணி நேரம் கழித்து மெல்லக் கூப்பிட்டார். "நிழல் பக்கம் பழுப்பே இல்லை, பச்சை. அடியில், துண்டை ஒட்டின இடத்தில் ஒரு நீலம் ஏறியிருக்கிறது. ஜன்னல் பக்கம் மஞ்சளே இல்லாமல் வெளுத்துப் போயிருக்கிறது." பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "காம்புப் பக்கம் அழுந்தியிருக்கிற இடத்தைப் பார்த்தால் விரலில் அந்தச் சொரசொரப்பு தெரிகிறது" என்றார். தொடவில்லை. பார்வையே தொட்டுவிட்டது. அன்று அவர் வரைந்த இரண்டாவது எலுமிச்சை அவ்வளவு அழகாக வந்தது என்று சொல்ல மாட்டேன், வடிவம் கோணல்தான். ஆனால் அதை வேறு யாரும் வரைந்திருக்க முடியாது.

பார்த்ததை அப்படியே பதிவு செய்யக் கேமரா இருக்கிறதே?

கேமராவுக்கு ஒரு கண், ஒரு நொடி. நமக்கு இரண்டு கண்கள், அசையும் கழுத்து, நேற்றைய ஞாபகம்.

சிகாகோ அருங்காட்சியகத்தில் செசானின் 'ஆப்பிள் கூடை' என்ற படம் இருக்கிறது, 1893 வாக்கில் வரைந்தது. மேசையின் முன் விளிம்பைக் கவனியுங்கள். மேசைமேல் கிடக்கும் துணிக்கு இடப்பக்கம் தெரியும் விளிம்பும் வலப்பக்கம் தெரியும் விளிம்பும் ஒரே கோட்டில் சேராது. போத்தல் சாய்ந்து நிற்கும். நடுவில் விழும் துணியும் பழங்களும் நம் மடியில் சரிந்துவிடும் போல் இருக்கும். ஓவிய இலக்கணப்படி தவறு. ஆனால் ஒரு மேசைக்கு முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்து, இடப்பக்கம் ஒரு முறையும் வலப்பக்கம் ஒரு முறையும் பார்த்துவிட்டுச் சேர்த்து நினைத்துப் பாருங்கள், மேசை இப்படித்தான் இருக்கும். இடம் மட்டும் அல்ல, அங்கே செலவான நேரமும் அந்தப் படத்தில் இருக்கிறது.

எந்த நிறம் எந்த உணர்வைக் குறிக்கும்? ஒரு பட்டியல் கிடைக்குமா?

கிடைக்கும், நிறையப் பேர் போட்டிருக்கிறார்கள். சிவப்பு கோபம், நீலம் சோகம் என்று. தயவுசெய்து அதை மனப்பாடம் செய்யாதீர்கள். கல்யாண வீட்டில் சிவப்புக்கும் கோபத்துக்கும் என்ன சம்பந்தம்? நிறத்துக்குத் தனியாகக் குணம் கிடையாது, பக்கத்து நிறம்தான் அதற்குக் குணம் கொடுக்கிறது. சாம்பல் நிறத்துக்குப் பக்கத்தில் வைத்த மந்தமான ஆரஞ்சு எரியும்.

ஓவியர் எமில் பெர்னாருக்கு 1904 ஏப்ரலில் எழுதிய கடிதத்தில் செசான் ஒரு விஷயம் சொல்கிறார்: சிவப்பும் மஞ்சளுமாக வரும் ஒளியின் அதிர்வுகளுக்கு நடுவே, காற்றை உணர வைக்கும் அளவுக்கு நீலம் சேர்க்க வேண்டும் என்று. காற்றை உணர வைக்க நீலம்! அவர் ஊருக்குக் கிழக்கே சாந்த் விக்துவார் என்ற சுண்ணாம்புக்கல் மலை இருக்கிறது, உயரம் 1,011 மீட்டர். எண்ணெய் வண்ணத்தில் மட்டும் அதை முப்பது முறைக்கு மேல் வரைந்திருக்கிறார். கடைசி ஆண்டுப் படங்களில் சமவெளி முழுதும் பச்சை, காவி, ஊதாத் திட்டுகள். வயல் எது, வீடு எது என்று பிரிக்க முடியாது. மலைக்கு மேலே இருக்கும் வானத்திலும் அதே பச்சைத் திட்டுகள் ஏறியிருக்கும். முதலில் பார்த்தபோது எனக்கு அது குழப்பமாகத்தான் இருந்தது. பிறகு ஒரு கோடைக் காலையில், ஓடும் பஸ்ஸின் ஜன்னலிலிருந்து வயல்வெளிக்கு அப்பால் மலையைப் பார்த்தபோது பிடிபட்டது. வயலின் பச்சை கண்ணில் ஒட்டிக்கொண்டு, நான் வானத்தைப் பார்க்கும்போதும் கூடவே வந்தது.

அவருடைய படங்களில் அங்கங்கே வெள்ளைத் துணி அப்படியே தெரிகிறதே. முடிக்காமல் விட்டுவிட்டாரா?

சிலவற்றை முடிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் பல படங்களில் அந்த வெள்ளை அவருடைய நேர்மை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

1899-இல், தன் படங்களை விற்றுக்கொடுத்த ஆம்ப்ருவாஸ் வொலாரின் உருவத்தை வரைந்தார். 115 முறை உட்கார்ந்ததாக வொலாரே எழுதியிருக்கிறார். உட்கார்ந்தபடியே அவர் தூங்கி விழுந்தபோது, "ஆப்பிள் அசையுமா?" என்று செசான் கோபித்துக்கொண்டாராம். படத்தில் கைப்பக்கம் இரண்டு சிறு இடங்கள் வண்ணம் இல்லாமல் இருந்தன. ஏன் என்று கேட்டதற்கு, அங்கே ஏதோ ஒரு நிறத்தை வைத்துவிட்டால் அந்த இடத்திலிருந்து படம் முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டிவரும் என்றார். அத்தனை அமர்வுகளுக்குப் பிறகு அவர் சொன்னது, சட்டையின் முன்பக்கம் எனக்குத் திருப்திதான் என்பது மட்டும்.

1905 அக்டோபரில் பெர்னாருக்கு எழுதிய கடிதத்தில் இன்னும் தெளிவாக இருக்கிறது. வயதாகிவிட்டதால், ஒளியைத் தரும் வண்ண உணர்வுகள் துணியை முழுதும் மூட விடாமல் தன்னைத் தடுக்கின்றன என்கிறார். தனக்குப் படாத இடத்தைப் பட்டதாகக் காட்டி நிரப்ப அவருக்கு மனம் வரவில்லை. என் மாணவர்களில் பலர் மூலையில் வெள்ளை தெரிந்தால் உடனே ஏதாவது பூசி மூடிவிடுகிறார்கள். அந்த மூலைதான் படத்தில் முதலில் செத்துப்போகிறது.

அவருக்குக் கண்ணில் ஏதோ கோளாறு என்று படித்தேன். உண்மையா?

எழுத்தாளர் உய்ஸ்மான்ஸ் அவரை நோயுற்ற விழித்திரை கொண்டவர் என்று எழுதினார். அதே வாக்கியத்தில் புதிய கலையின் முன்னறிகுறிகளைக் கண்டவர் என்றும் எழுதினார். செசானுக்கே தன் கண்மேல் சந்தேகம் இருந்தது. தத்துவ அறிஞர் மெர்லோ-பொந்தி 1945-இல் எழுதிய 'செசானின் ஐயம்' என்ற கட்டுரை இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. உடல்நிலையை வைத்து ஒருவருடைய படைப்பை விளக்கிவிட முடியாது, அதே சமயம் அந்த உடல் இல்லாமல் அந்தப் படைப்பும் இல்லை என்பது அதன் சாரம்.

இன்னொரு பிரெஞ்சு ஓவியர் க்ளோத் மோனேவின் கதை இன்னும் நேரடியானது. 1912-இல் அவருக்குக் கண்புரை இருப்பது தெரிந்தது. 1923-இல் அறுவை சிகிச்சை. இடையில் வரைந்த பல படங்களில் தோட்டம் செம்பழுப்பாக எரிகிறது. அது அவர் கண்ணுக்குப் பட்ட தோட்டம். கண்ணாடி போட்டவர், ஒரு கண் மங்கியவர், நிறம் பிரித்தறிவதில் சிரமம் உள்ளவர் எல்லாரும் என்னிடம் தயங்கியபடி இதைச் சொல்கிறார்கள். தயங்க வேண்டாம். நீங்கள் எதைக் கொண்டு பார்க்கிறீர்களோ அதைக் கொண்டுதான் வரைய முடியும்.

வாழ்க்கையில் பட்ட துன்பத்தை வரைவது இதில் எங்கே வருகிறது?

இதே இடத்தில்தான். 'துன்பப்பட்டேன்' என்பதிலும் அதே படுதல் இருக்கிறது பாருங்கள்.

மெக்சிகோவின் ஓவியர் ஃப்ரீடா காலோ 18 வயதில், 1925 செப்டம்பரில், அவர் போன பஸ்மேல் டிராம் மோதிய விபத்தில் முதுகெலும்பும் இடுப்பும் உடைந்து பிழைத்தவர். 1944-இல் வரைந்த 'உடைந்த தூண்' படத்தில், பிளந்த உடம்புக்குள் முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் விரிசல் விட்ட கல்தூண் நிற்கிறது. உடம்பெங்கும் ஆணிகள். பட்டைகள் இறுக்கிய கச்சு. கண்ணீர் வழிகிறது, முகம் மட்டும் கோணவே இல்லை, நம்மை நேராகப் பார்க்கிறது. 'எனக்கு வலிக்கிறது' என்று அவர் பொதுவாகக் கத்தவில்லை. எங்கே குத்துகிறது, எங்கே இறுக்குகிறது, எது உள்ளே நொறுங்குகிறது என்று இடம் குறித்துக் காட்டுகிறார். அந்தத் துல்லியம்தான் நம்மைத் தாக்குகிறது.

நார்வேயின் ஓவியர் எட்வர்ட் மூங்க் 1893-இல் வரைந்த 'அலறல்' கூட ஒரு மாலை நடையிலிருந்து வந்ததுதான். நண்பர்கள் இருவரோடு போய்க்கொண்டிருந்தபோது வானம் ரத்தச் சிவப்பானதையும், சோர்ந்து வேலியில் சாய்ந்ததையும், இயற்கையை ஊடுருவிப் போகும் அலறலை உணர்ந்ததையும் தன் குறிப்பில் எழுதியிருக்கிறார். அச்சத்துக்கும் ஒரு வானமும் ஒரு வேலியும் தேவைப்படுகின்றன.

எனக்கு அப்படிப் பெரிதாக எதுவும் நடந்ததில்லையே. எதை வரைவது?

இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் நெருக்கமானது.

1906 செப்டம்பர் 8 அன்று செசான் தன் மகனுக்கு எழுதிய கடிதத்தை வகுப்பில் அடிக்கடி சொல்வேன். தன் உணர்வுகளைத் துணியில் மெய்யாக்குவது இன்னும் வேதனையாகவே இருக்கிறது, புலன்களுக்கு முன்னால் விரியும் செறிவை எட்ட முடியவில்லை என்று வருந்துகிறார். உடனே, ஆற்றங்கரையில் கிடைக்கும் காட்சிகளைப் பற்றி எழுதுகிறார்: இடத்தை விட்டு நகராமல், சற்று வலப்பக்கமும் சற்று இடப்பக்கமும் சாய்ந்தாலே மாதக்கணக்கில் வேலை இருக்கும் என்று. அவருக்கு அப்போது 67 வயது, நீரிழிவு வேறு. வலமும் இடமும் சாய்வது, அவ்வளவுதான் பயணம்.

அதை நம்பி நானும் ஓர் ஆண்டு என் வீட்டு மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவரையும் அதற்கு அப்பால் தெரியும் வேப்பமரத்தையும் மட்டும் வரைந்தேன். நாற்பது படங்கள் இருக்கும். முதல் பத்தில் சுவர் சுவராகவும் மரம் மரமாகவும் இருந்தன. பங்குனியில் இலை கொட்டி, செம்பு நிறத் தளிர் விட்டபோது, பாசி காய்ந்து கறுத்திருந்த சுவரும் செம்பாகத் தெரிந்தது. அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வாரம் வரைந்த படத்தில் மரம் சுவரைவிட்டு வெகுதூரம் தள்ளிப் போயிருக்கிறது. அந்த வாரம் நான் எதையும் 'வெளிப்படுத்த' முயலவில்லை. தூங்காத கண்ணோடு உட்கார்ந்து வழக்கம்போல அளந்து வரைந்தேன். அது தானாகப் படத்தில் ஏறிவிட்டது.

நான் உணர்ந்தது பார்க்கிறவருக்குப் புரியாவிட்டால்?

புரியாமல் போகலாம், உடனே புரியாமல் போகலாம். செசான் இறந்த மறு ஆண்டு, 1907 இலையுதிர்காலத்தில், பாரிஸில் அவருடைய நினைவுக் கண்காட்சி நடந்தது. கவிஞர் ரில்கே ஏறக்குறைய நாள்தோறும் போய் அந்தப் படங்களின் முன் நின்றார், மனைவி கிளாராவுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் படத்தைப் பற்றி, அதில் ஒவ்வோர் இடமும் மற்ற எல்லா இடங்களையும் அறிந்திருப்பது போல் இருக்கிறது என்றார். அப்படிப் பார்ப்பதற்கு அவருக்கும் நாட்கள் பிடித்தன.

தொடங்குவதற்கு என்ன வாங்க வேண்டும்?

ஒரு சிறிய வாட்டர்கலர் பெட்டி, தடித்த தாள், நல்ல தூரிகை ஒன்று. கறுப்பு டியூபை முதல் மூன்று மாதம் திறக்காதீர்கள். நிழலுக்குள் என்ன நிறம் என்று தேட வேண்டிவரும்.

ஒரு படம் முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

எனக்கு அலுப்பு வரும்போது நிறுத்துகிறேன், அது சரியான அளவுகோல் இல்லை என்றும் தெரியும். செசானுக்கு முடிவே வரவில்லை. 1906 அக்டோபர் 15 அன்று வெளியில் வரைந்துகொண்டிருந்தபோது புயல் மழையில் சிக்கினார். சலவை வண்டி ஒன்றில் கிடத்தி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள் விடிந்ததும், எழுந்து தோட்டத்துக்குப் போய், தோட்டக்காரர் வல்லியேயின் உருவப்படத்தில் வேலை செய்தார். திரும்பி வந்தபோது உயிர் போகும் நிலையில் இருந்ததாக செசானின் தங்கை எழுதியிருக்கிறார். 17-ஆம் தேதி, படுக்கையில் விழுந்த பிறகு, வண்ணக் கடைக்காரருக்குக் கோபமாக ஒரு கடிதம் போனது: ஏழாம் எண் அடர்சிவப்பு பத்து டியூப் கேட்டு எட்டு நாளாகிறது, பதிலே இல்லை, என்ன நடந்தது என்று. ஒரு வாரத்துக்குள் இறந்துவிட்டார்.